மாசி மாச வைகையில் பனையேறிக் கெண்டை: தக்கை நடுங்குது, முள்ளுல மாட்டலை

தென்கரை:
சோழவந்தான் பக்கம் வைகையில் வரத்து குறைஞ்சு மடுமடுவா நிக்குது. பனையேறி நிறைய இருக்கு. 10 அடி மூங்கில் கம்பு, 0.30 மி.மீ. தூண்டில் நரம்பு, 6ஆம் நம்பர் முள்ளு, முழு மண்புழு. காலை 6 மணிக்குப் போட்டா தக்கை நடுங்குது, தூக்கினா வெறும் முள்ளு. ஐப்பசியில இதே செட்டுல நல்லா எடுக்கும். முள்ளை மாத்தணுமா, நேரத்தை மாத்தணுமா அண்ணே?

கோரைமேடு:
ரெண்டையும் மாத்தணும் தம்பி, முதல்ல நேரத்தை. தை, மாசியில ராக்குளிருக்குத் தண்ணி சில்லிட்டுப் போயிரும். விடியக்காலம் மீன் மந்தமா கிடக்கும். இரையை விழுங்காது, நுனியைக் கிள்ளும். தக்கையில தெரியிற நடுக்கம் அதுதான். 9 மணிக்கு மேல உட்காருங்க. உச்சி வெயில் நேரம்தான் இந்தப் பருவத்துக்குச் சரி.

எந்தக் கரைங்கிறதும் முக்கியம். இப்ப சூரியன் தெற்கே சாய்ஞ்சு போறதால வடக்குக் கரையோரத் தண்ணிதான் சீக்கிரம் சூடாகும். வாடைக்காத்துக்கும் அந்தக் கரை மறைப்பு. அங்க கோரையும் சம்பும் நிக்கிற ஓரத்துல ஒன்றரை அடியில இருந்து மூணடி ஆழம் போதும். ஓட்டத்துல போடாதீங்க, இது நின்ன தண்ணி மீன். மேல வந்து காத்து குடிக்கும். கொஞ்ச நேரம் அசையாம பார்த்தா எங்க முட்டுதுன்னு தெரிஞ்சிரும். அதுக்கு ஒரு முழம் தள்ளிப் போடுங்க, தலை மேல போட்டா கலைஞ்சிரும்.

முள்ளு 10ஆம் நம்பர் (நம்பர் கூடக்கூட முள்ளு சின்னது), நரம்பு 0.20. புழுவை முழுசா கோக்காதீங்க, தொங்குற வாலைத்தான் அறுத்துட்டுப் போகுது. அரை அங்குலத் துண்டைக் கோத்து முனை மட்டும் லேசாத் தெரியட்டும்.

தக்கைக்காரன்:
மேலே சொன்னது சரி. ஆனால் தக்கையைக் கவனிக்காமல் முள்ளை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான். உருண்டைத் தெர்மாகோல் தக்கை இந்தக் குளிருக்கு ஆகாது. மீன் மெதுவாக இழுக்கும்போது அது எதிர்த்து இழுக்கும், மீன் உடனே விட்டுவிடும். சோளத்தட்டை நெட்டியைப் பென்சில் கனத்தில் இரண்டு அங்குலம் நறுக்கிக் கட்டுங்கள். முள்ளுக்கு நாலு விரல் மேலே ஒரே ஒரு சிறு ஈயம். தண்ணீருக்கு மேல் நெல்லளவு மட்டும் தெரியும்படி ஈயத்தைச் சீவிச் சரிசெய்யவும். தக்கை திடீரென்று படுத்தால் அதுவும் கடிதான்: மீன் இரையோடு மேலே வருகிறது, ஈயத்தின் பாரம் தக்கையில் இல்லை.

நடுக்கத்துக்குத் தூக்கக் கூடாது. தக்கை பக்கவாட்டில் நகரும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு, அவ்வளவுதான்.

இரையில் எனக்கு வேறு கருத்து. மண்புழுவுக்கு ஜிலேபியும் கெளுத்தியும் முந்திக்கொள்ளும். பனையேறிக்கு முசுறு (மரத்தில் இலைக்கூடு கட்டும் செவ்வெறும்பு) முட்டைதான் முதல் இரை. 14ஆம் நம்பர் முள்ளில் இரண்டு மூன்று கோத்தால் போதும். மெத்தென்று இருப்பதால் ஒரே உறிஞ்சலில் வாய்க்குள் போகும், அதனால் இதற்குக் காத்திருக்காமல் உடனே சுண்ட வேண்டும். மாமரத்து இலைக்கூட்டை விடியற்காலைக் குளிரில் எடுங்கள், அப்போது எறும்பு சுணங்கிக் கிடக்கும்.

பேரணைவாசி:
பிடித்த பிறகு செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். செவுள் மூடியின் ஓரம் ரம்பம் மாதிரி, கையைக் கிழித்துவிடும். தலைப் பக்கமிருந்து வால் நோக்கித் தடவி, முதுகு முள்ளைப் படியவைத்து ஈரத்துணியோடு பிடியுங்கள். வாளியில் கால்வாசித் தண்ணீர் போதும். மேலே வலையோ ஓட்டை போட்ட மூடியோ கட்டாயம். திறந்து வைத்தால் ஏறிப் போய்விடும். தண்ணீரை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுவதுதான் பெரிய தவறு. காற்றை மேலே வந்து குடிக்க இடமில்லை என்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

மதுரை நகருக்குள் சாக்கடை கலக்கும் பகுதி மீனைச் சாப்பிட எடுக்காதீர்கள். பக்கத்துக் கண்மாயில் போடுவதாக இருந்தால் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தென்கரை:
நன்றிண்ணே. அணையில தண்ணி திறந்தா மடுவுல இருக்கிற மீன் என்ன ஆகும்?

கோரைமேடு:
கலங்கல் வந்த அன்னைக்கு விட்டுருங்க. ஓட்டத்துக்கு ஒதுங்கி ஓரப் புல்லுக்குள்ள ஏறிரும், தெளிஞ்ச பிறகு அங்கயே தேடுங்க. திறக்குற அறிவிப்பு வந்தா மணல் திட்டுல உட்காராதீங்க, சுத்தித் தண்ணி ஏறினப்புறம் கரைக்கு வர வழி இருக்காது.