ஒரே ஆளின் காசில் கப் அடித்து, பிறகு காணாமல் போன அயர்லாந்து கிளப்: விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

ஏகாம்பரம்_ரோட்டுப்_பொடியன்

எங்கள் கழகம் திருகோணமலை டவுனுக்குள் இருக்கிற சின்ன உதைபந்தாட்டக் கழகம். பெயர் போடவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாதச் சந்தாவுக்கென்று ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது, ஒழுங்காகக் கட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். கோல் போஸ்டில் கட்டியிருப்பது கூட மீன்பிடி வலைதான், அதையும் ஒரு பக்கம் நைலோன் கயிற்றால் தைத்து வைத்திருக்கிறோம். கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ மேட்ச் என்றால் வான் காசுக்கு வெளிநாட்டில் இருக்கிற பழைய பிளேயர்களிடம் வாட்ஸ்அப்பில் கையேந்த வேணும்.

இப்போது கனடாவில் இருக்கிற ஒரு அண்ணை முழுச் செலவையும் தானே பார்க்கிறேன் என்கிறார். கோச்சுக்குச் சம்பளம், வெளி மாவட்டத்தில் இருந்து நாலைந்து நல்ல பிளேயர், புது ஜெர்சி, எல்லாருக்கும் சப்பாத்து. ஒரே ஒரு நிபந்தனை, பெரிய கமிட்டி வேண்டாமாம், அவரும் அவர் சொல்கிற ரெண்டு பேரும் முடிவெடுத்தால் போதுமாம். பொடியன்கள் எல்லாம் துள்ளுகிறார்கள். எங்கள் பொருளாளர் ஐயா மட்டும் "அயர்லாந்தில் ஸ்போர்ட்டிங் ஃபிங்கல் என்று ஒரு கிளப் இப்படித்தான் வந்தது, போய் என்ன நடந்ததென்று பாருங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

தேடினால் ஆங்கிலத்தில் துண்டு துண்டாகத்தான் வருகிறது. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கோ, அது எப்படி எழும்பியது, ஏன் விழுந்தது? ஞாயிறு பொதுக்கூட்டத்தில் கதைக்க வேணும்.

டப்ளினில்_ஒரு_திருமலையான்

தம்பி, உங்கள் பொருளாளர் ஐயா சரியான கிளப்பைத்தான் பிடித்திருக்கிறார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கோ.

ஃபிங்கல் என்பது டப்ளினுக்கு வடக்கே இருக்கிற கவுண்டி (எங்கள் மாவட்டம் மாதிரி), பழைய டப்ளின் கவுண்டியை 1994இல் பிரித்தபோது வந்தது. விமான நிலையம் அதற்குள்தான் இருக்கிறது. 2006 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 2,40,000 சனம், எல்லாம் புதுப்புது வீட்டுத் திட்டங்கள், இளம் குடும்பங்கள். இவ்வளவு சனத்துக்கும் லீக்கில் ஒரு கிளப் இல்லையே என்று 2007இல் அந்த கவுண்டி சபையின் ஆதரவோடு தொடங்கினதுதான் ஸ்போர்ட்டிங் ஃபிங்கல். ஊர்ப் பொடியன்கள் சேர்ந்து மரத்தடியில் தொடங்கின கழகம் இல்லை இது, மேலே இருந்து கீழே வந்தது. அதை ஞாபகத்தில் வையுங்கோ, பிறகு தேவைப்படும். லீக்கில் இடம் கிடைத்த விதமும் ஒரு மாதிரித்தான், 2008 தொடக்கத்தில் கில்கென்னி சிட்டி என்ற கிளப் கையை விரித்து விலகியது, அந்த வெற்றிடத்தில் இவர்களை இரண்டாம் நிலையான ஃபர்ஸ்ட் டிவிஷனில் போட்டார்கள்.

காசு வந்தது கட்டடத் தொழிலில் இருந்து. அந்தக் காலத்து அயர்லாந்தில் யாரைப் பார்த்தாலும் வீடு வாங்குகிறார், இல்லாவிட்டால் வீடு கட்டி விற்கிறார். ஒரு பெரிய கட்டட முதலாளிதான் கிளப்பின் முதுகெலும்பு. மனேஜராக லியாம் பக்லியைக் கொண்டுவந்தார்கள், அவர் 1999இல் செயின்ட் பட்ரிக்ஸ் அத்லெட்டிக்கை சாம்பியன் ஆக்கினவர், சும்மா ஆள் இல்லை. பிளேயர்களும் மேல் டிவிஷனில் விளையாடிப் பழகினவர்கள், நல்ல சம்பளம்.

இனிக் கதையின் நல்ல பகுதி. 2009 நவம்பர் 22, எஃப்ஏஐ கப் (அயர்லாந்தின் தேசியக் கப்) இறுதிப் போட்டி, டல்லா ஸ்டேடியம், எதிரில் ஸ்லைகோ ரோவர்ஸ். ஸ்லைகோ முன்னுக்கு நிற்கிறது, நேரம் முடியப் போகிறது. 85ஆவது நிமிடத்தில் பெனால்டியில் கொல்ம் ஜேம்ஸ் சமப்படுத்துகிறார், கடைசி நேரத்தில் கேரி ஓ'நீல் ரெண்டாவது கோலைப் போடுகிறார். 2-1. லீக்கில் காலடி வைத்து ரெண்டாவது சீசனில், அதுவும் கீழ் டிவிஷன் கிளப், நாட்டின் கப்பைத் தூக்குகிறது. அதே மாதம் ப்ளேஆஃபில் பிரே வாண்டரர்ஸை வென்று மேல் டிவிஷனுக்கும் ஏறிவிட்டது.

2010இல் ஐரோப்பா லீக் தகுதிச் சுற்று. போர்த்துகலின் மரிட்டிமோவோடு அங்கே 3-2, இங்கே 3-2, ரெண்டும் தோல்விதான், ஆனால் இரு தடவையும் ஒரு கோல் வித்தியாசம்தான். மேல் டிவிஷனில் முதல் வருடமே 4ஆம் இடம். அடுத்த வருடமும் ஐரோப்பா உறுதி.

2011 பெப்ரவரியில் கிளப் இல்லை. சீசன் தொடங்கச் சில வாரங்கள்தான் இருந்தது. பிளேயர்களைக் கூப்பிட்டு வேறு இடம் பாருங்கோ என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய ஐரோப்பா இடம் செயின்ட் பட்ரிக்ஸுக்குப் போனது, கீழே இறங்கியிருக்க வேண்டிய டிரோஹெடா யுனைட்டட் அந்த வெற்றிடத்தால் மேலேயே நின்றுவிட்டது. கில்கென்னியின் இடத்தில் வந்தவர்கள் தங்கள் இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

காரணம் என்று கேட்டால் எல்லாரும் வீட்டு விலைச் சரிவு என்பார்கள். உண்மைதான், 2008க்குப் பிறகு கட்டடக்காரர் எல்லாரும் விழுந்தார்கள், அவர்களுடைய கடனை எடுத்துக்கொள்ள அரசாங்கம் 2009இல் தனி நிறுவனமே வைத்தது, 2010 கடைசியில் நாடே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் ஐஎம்எஃப்பிடமும் போய் நின்றது. இலங்கையில் இருக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நான் சொல்வேன், காசு நின்றது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி, கிளப்புக்கு ஆள் இல்லை.

சொந்த மைதானம் இல்லை. விளையாடினது சான்ட்ரியில் இருக்கிற மோர்ட்டன் ஸ்டேடியம், அது ஓட்டப்பந்தய மைதானம். 1958இல் ஹெர்ப் எலியட் ஒரு மைல் உலக சாதனை வைத்த அதே இடம், ஓடுகிறவனுக்கு அது புண்ணிய பூமி, பந்து பார்க்கப் போனவனுக்குக் கஷ்டம். ஸ்டாண்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் எட்டு லேன் சிவப்புத் தடம் வளைந்து கிடக்கும், அங்கே யார் பந்தை வைத்திருக்கிறார் என்றே தெரியாது, கத்தினால் பிளேயருக்குக் கேட்காது. வழக்கமான லீக் மேட்சுக்குச் சில நூறு பேர்தான் வருவார்கள். கப் அடித்த பிறகும் அது பெரிதாக மாறவில்லை. இங்கே சனி ஞாயிறில் பாதிச் சனம் அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்போல் பார்க்கும், மீதிச் சனம் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் பிளைட் ஏறும்.

ஆகவே முதலாளி போனதும் "விடமாட்டோம்" என்று வந்து நிற்க ஆள் இருக்கவில்லை.

பழைய_லெஃப்ட்_விங்

நல்லாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணை, ஆனால் நான் மற்றப் பக்கம் கதைக்கிறேன். மூன்று வருடம் இருந்தது, கப் அடித்தது, ஐரோப்பாவில் விளையாடியது. எங்கள் டவுனில் எத்தனை கழகம் பொன்விழாக் கொண்டாடியும் ஒரு தரமான புல் மைதானத்தில் விளையாடாமல் கிடக்கிறது? மக்ஹெய்சர் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி விளையாடக் கிடைத்தாலே வீட்டில் படம் மாட்டுவோம். பொடியனுக்கு விளையாடுகிற வயது பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தையும் சந்தாப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு கழிக்கச் சொல்கிறீர்களா?

யுத்த காலம் முழுக்க நாங்கள் கழகத்தைக் காப்பாற்றினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், மரியாதைதான். ஆனால் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் விளையாடுவது எப்போது? கனடா அண்ணையின் காசை வாங்குங்கோ. விழுந்தால் விழட்டும்.

டப்ளினில்_ஒரு_திருமலையான்

லெஃப்ட் விங், உங்கள் கோபம் விளங்குது. நானும் காசை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே ஊரில், அதே லீக்கில், அதே காலத்தில் நடந்த இன்னும் ரெண்டு கதையைப் பாருங்கோ.

ஷாம்ரொக் ரோவர்ஸ் பெரிய பெயர், ஆனால் அவர்களுடைய கிளென்மலூர் மைதானத்தை 1987இல் உரிமையாளர்கள் விற்றுவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் நாடோடி வாழ்க்கை, யாருடைய மைதானத்திலாவது வாடகைக்கு. 2005இல் கடனில் மூழ்கி, கீழ் டிவிஷனுக்கும் இறங்கியது. அப்போது கிளப்பை வாங்கினது ஒரு பணக்காரர் இல்லை, மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்த ரசிகர்கள். பாதியில் நின்றுபோன டல்லா ஸ்டேடியத்தை அந்தப் பகுதிச் சபை எடுத்துக் கட்டி முடித்து 2009இல் திறந்தது. ஆமாம், ஃபிங்கல் கப் அடித்த அதே ஸ்டேடியம்தான். 2010இலும் 2011இலும் ரோவர்ஸ் சாம்பியன். 2011 ஓகஸ்ட்டில் பெல்கிரேட் போய் பார்ட்டிசானை வென்று, ஐரோப்பா லீக் குழு நிலைக்குப் போன முதல் அயர்லாந்து கிளப் ஆனது. இங்கேயும் சபை உதவியது, அங்கேயும் சபை உதவியது, வித்தியாசம் உள்ளே யார் இருந்தார்கள் என்பதில்தான்.

மற்றது கோர்க் சிட்டி. 2010 பெப்ரவரியில் நீதிமன்றத்தில் கம்பனியே கலைக்கப்பட்டது. ரசிகர் அமைப்பு ஒன்று முன்பே பதிவு செய்யப்பட்டுத் தயாராக இருந்தது, அவர்கள் அதே வருடம் கீழ் டிவிஷனில் ஒரு டீமை இறக்கினார்கள், 2017இல் லீக்கும் கப்பும் ரெண்டும் அவர்களுடையது. அதற்குப் பிறகு திரும்பவும் சறுக்கி, கடைசியில் அங்கத்தவர்களே வாக்குப் போட்டு ஒரு தனியாருக்கு விற்கச் சம்மதித்தார்கள். அங்கத்தவர் கிளப் என்றால் எல்லாம் நன்றாக நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விற்பதா வேண்டாமா என்று கேட்க அங்கே ஒரு கூட்டம் இருந்தது. ஃபிங்கலில் யாரைக் கேட்பது?

உப்புவெளி_கீப்பர்

எனக்கு அயர்லாந்து தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் இதே மாதிரி ஒரு கழகம் நடந்து முடிந்தது, பெயர் வேண்டாம். வெளிநாட்டுக் காசு வந்த ரெண்டாவது வருடம் சந்தா கேட்பதை நிறுத்திவிட்டார்கள், "எதற்கு, அவர்தானே தருகிறார்" என்று. ஊர்ப் பொடியன்கள் பெஞ்சில், வெளியால் வந்தவர்கள் கிரவுண்டில். பொடியன்கள் மெல்ல மெல்ல வேறு கழகத்துக்குப் போனார்கள். பிறகு அங்கே அவருக்கு வேலை போனது, இங்கே பதினொரு பேர் சேரவில்லை. ஜெர்சிகள் மட்டும் புதுசாகப் பையோடு இருந்தது.

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயகாரர் இருக்கிற மாதிரிச் செலவைப் பிரியுங்கோ. கனடா அண்ணைக்குக் கோச் சம்பளத்தையும் ஜெர்சியையும் கொடுங்கோ, அதில் அவர் பெயரைப் பெரிசாகப் போடுங்கோ, பாவம் அவருக்கும் ஆசை இருக்கும். வான், பந்து, லீக் கட்டணம் மட்டும் சந்தாவில் இருந்துதான். பிளேயர் எடுக்கிற முடிவை யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்புறம் ஒரு வருடச் செலவை முன்கூட்டியே வங்கியில் போடச் சொல்லுங்கோ. மாசாமாசம் அனுப்புகிறேன் என்பது தைப்பொங்கல் வரைக்கும்தான் ஓடும்.

ஏகாம்பரம்_ரோட்டுப்_பொடியன்

எல்லாருக்கும் நன்றி. கீப்பர் அண்ணை சொன்ன ஒரு வருடக் காசு விசயத்தை எழுதி வைத்துவிட்டேன், அதை அவரிடம் யார் கேட்பது என்றுதான் இங்கே சீட்டுக் குலுக்கப் போகிறோம். பெரிய கமிட்டி வேண்டாம் என்பதற்கு நானே எதிர்ப்புச் சொல்லப் போகிறேன்.

லெஃப்ட் விங் அண்ணை சொன்னதும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, எனக்கும் இருபத்தேழு ஆகிவிட்டது. டப்ளின் அண்ணையிடம் கடைசியாக ஒன்று, அந்த ஃபிங்கல் பிளேயர்கள் பிறகு என்ன ஆனார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

டப்ளினில்_ஒரு_திருமலையான்

நல்ல பிளேயருக்கு இடம் கிடைக்கும் தம்பி, அந்தரித்துப் போவது ஆட்கள் இல்லை, கழகம்தான். லியாம் பக்லி செயின்ட் பட்ரிக்ஸுக்குத் திரும்பிப் போய் 2013இல் மறுபடி சாம்பியன், 2014இல் கப். கொனன் பெர்னும் அங்கே போய் நல்லாக விளையாடினார்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை ஏமன் சாயத் உடையது. அப்பா லிபியாக்காரர், பிறந்து வளர்ந்தது டப்ளின், ஃபிங்கலின் ஃபோர்வர்ட். கிளப் மூடினதும் டெரி சிட்டிக்குப் போய் நிறையக் கோல் போட்டார். அங்கிருந்து ஈரானின் பெர்செபோலிஸ். 2012 பெப்ரவரி, தெஹ்ரான் டெர்பி, அதாவது ஒரே நகரத்து ரெண்டு பெரிய கிளப்புகளின் மோதல், எஸ்தெக்லாலிடம் 2-0 பின்னுக்கு, போதாக்குறைக்குப் பத்துப் பேர். மாற்று ஆளாக இறங்கின சாயத் சில நிமிடங்களுக்குள் மூன்று கோல் போட்டு 3-2 ஆக்கிவிட்டார். யூடியூப்பில் இருக்கிறது, கொமன்ட்ரிக்காரர் கத்துகிற கத்தலுக்காகவே பாருங்கோ. ஒரு வருடத்துக்கு முன்தான் சான்ட்ரியில் அந்தச் சிவப்புத் தடத்துக்கு அங்கால் சில நூறு பேருக்கு முன் விளையாடிக்கொண்டிருந்தவர்.

கூட்டம் முடிந்து என்ன தீர்மானம் என்று இங்கே போடுங்கோ.