எஸ்2000: 2002-ன் 2.0 எஞ்சினா, 2005-ன் 2.2 எஞ்சினா?

டர்ன்பைக்_தம்பி:

வணக்கம். நியூ ஜெர்சில இருக்கேன். பத்து வருசமா மனசுல ஓடிட்டிருக்கற வண்டி ஹோண்டா எஸ்2000, ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். இப்பதான் வீட்டம்மா "வாங்கித் தொலைங்க"ன்னு சொல்லிருக்காங்க. அவங்க மனசு மாறுறதுக்குள்ள முடிக்கணும்.

ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு 2002, சிவப்பு, 2.0 எஞ்சின், 91 ஆயிரம் மைல். இன்னொண்ணு 2005, சில்வர், 2.2 எஞ்சின், 78 ஆயிரம் மைல், விலை கொஞ்சம் கூட. ரெண்டுலயும் 240 குதிரைத்திறன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு எஞ்சினை மாத்தினாங்க? பழசுதான் ஒரிஜினல்னு ஒரு கூட்டம், புதுசுதான் ரோட்டுக்கு லாயக்குன்னு இன்னொரு கூட்டம். எனக்கு வாரத்துல நாலு நாள் ஆபீஸுக்கு இதுலதான் போகணும். போக வர 56 மைல், பாதி டிராஃபிக். ரெண்டையும் ஓட்டினவங்க சொல்லுங்க.

பீளமேட்டு_லேத்:

தம்பி, என்கிட்ட 2001 வண்டி 11 வருசமா இருக்கு. கூட்டாளி ஒருத்தர்கிட்ட 2005. ரெண்டு பேரும் வண்டியை மாத்தி மாத்தி ஓட்டுவோமுங்க, அதனால கொஞ்சம் தைரியமா பேசலாம்.

எங்கப்பாவுக்கு கோயமுத்தூர்ல லேத் பட்டறை. எஞ்சின்னா எனக்கு முதல்ல போரும் (சிலிண்டரோட விட்டம்) ஸ்ட்ரோக்கும்தான் (பிஸ்டன் ஓடற தூரம்) கண்ணுல படும். ரெண்டுலயும் போர் ஒண்ணேதான், 87 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் மட்டும் 84-ல இருந்து 90.7 ஆச்சு. அதுலதான் 1997 சிசி 2157 ஆயிருக்கு. பிஸ்டன் ஓடற தூரம் கூடினா அதே சுத்துல அதோட வேகமும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்க: பழசு நிமிசத்துக்கு 9000 சுத்துல, பிஸ்டன் நொடிக்கு 25.2 மீட்டர். புதுசையும் 9000-க்கு விட்டா 27-ஐத் தாண்டிரும். அதனாலதான் சிவப்புக் கோட்டை, அதாவது எஞ்சின் சுத்தற உச்ச வரம்பை, 8000-க்கு இறக்கினாங்க, அங்க 24.2 மீட்டர்தான். உச்சத்துல ஆயிரம் சுத்தைக் குடுத்துட்டு அடியில இழுவையை வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான் வியாபாரம். டார்க், அதாவது அந்த இழுவை, பழசுல 7500-ல 153 பவுண்டு-அடி, புதுசுல 6500-லயே 162. இது அமெரிக்காவுக்கு 2004 மாடல்லயே வந்துருச்சு, ஜப்பான்காரங்களுக்கே 2005 கடைசிலதான் கிடைச்சுது.

காகிதத்துல அப்படி. ரோட்டுல வேற மாதிரிங்க. என் வண்டி 6000 வரைக்கும் நல்ல புள்ளையா, நம்ம சிவிக் மாதிரிதான் போகும். 6000-ல வீடெக், அதாவது வால்வை இன்னும் அதிகமாத் திறக்கற காமுக்கு மாறினதும் உடுக்கை அடிச்ச மாதிரி, சாமி இறங்கிரும். அந்த ஆட்டம் முழுசா 3000 சுத்துக்கு நீளும். கூட்டாளி வண்டிலயும் சாமி வரும், ஆனா அதுக்கு முன்னாடியே கொஞ்சம் ஆடிட்டிருக்கறதால வந்தது அவ்வளவா தெரியாது. டிராஃபிக்ல மூணாவது கியர்ல 2500 சுத்துல மிதிச்சா அது நகரும், என்னுது யோசிக்கும். புதுசுல முதல் நாலு கியரையும் 4 சதவீதம் குட்டையாக்கிட்டாங்க (அதே வேகத்துக்கு எஞ்சின் கூடச் சுத்தும்), அதுவும் ஒரு காரணம். ஹைவேல வித்தியாசம் தேடாதீங்க: 70 மைல்ல ஆறாவது கியர்ல ரெண்டுமே 3600 கிட்டதான் கத்திட்டிருக்கும்.

நீங்க சொல்ற 56 மைல்ல 6000-க்கு மேல எத்தனை தடவை போவீங்க? ராம்ப்ல ஏறும்போது ஒண்ணு, சிக்னல் காலியா இருந்தா ஒண்ணு. பழசோட ருசியே அதுக்கு மேலதான். உங்களுக்கு 2005 எடுங்கன்னுதான் சொல்லுவேன். என்னுதை விப்பீங்களான்னு மட்டும் கேட்டுராதீங்க.

ஈஸ்ட்ஹாம்_சுதன்:

எங்கட பக்கம் இந்தப் பிரச்சினையே இல்லை. இங்கிலாந்துக்கு 2009 வரைக்கும் 2.0 மட்டும்தான் வந்தது. என்ர 2006 வண்டிக்கு முகம் புதுசு, எஞ்சின் பழசு. அமெரிக்கப் பக்கங்களில பாத்துட்டு 2.2-க்கு உரிய சாமான் வாங்கி ஏமாந்த ஆக்கள் இஞ்ச இருக்கினம்.

ஒண்டு மட்டும் சொல்லுறன் தம்பி, எந்த எஞ்சின் எண்டாலும் எண்ணெய் அளவு பாக்கிற கம்பியை இழுத்துப் பாருங்கோ. இது மேல சுத்தினால் எண்ணெய் குடிக்கும். நான் பெட்ரோல் அடிக்கிற ரெண்டு தரத்துக்கு ஒருக்கால் பாக்கிறனான்.

டர்ன்பைக்_தம்பி:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். லேத் அண்ணா, இன்னைக்கு சாயங்காலம் 2002-ஐப் போய்ப் பாத்தேன். சாவியைத் திருப்பிட்டு அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கினதும் பாதி மனசு போயிருச்சு. சுதன் அண்ணா சொன்ன மாதிரி கம்பியை இழுத்தேன், கீழ்க் கோட்டுலகூட எண்ணெய் தொடலை. விக்கறவர் "இந்த எஞ்சின் அப்படித்தான் குடிக்கும்"னு சொல்றார். ஒரு தடவை கியர் தப்பா விழுந்துருச்சுன்னும் பேச்சுவாக்குல சொன்னார், ஆனா அதுக்கப்புறமும் நல்லாத்தான் ஓடுதாம். விலை குறைச்சுக் கேக்கலாமா?

பீளமேட்டு_லேத்:

குடிக்கறது எஞ்சினோட குணம், ஊத்தாம விட்டது அவரோட குணம். வடிகட்டி மாத்தும்போது மொத்தமே 4.8 லிட்டர்தான் புடிக்கும், அதுல ஒரு லிட்டர் இல்லாம 9000-க்கு சுத்தினா என்னங்க ஆகும்? இன்னொண்ணு, இதோட சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இல்லீங்க, நார் கலந்த அலுமினியம். எங்கப்பா பட்டறைல போட்டு சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கி (போரிங்) ஓவர்சைஸ் பிஸ்டன் போடற கதையெல்லாம் இங்க லேசுல நடக்காது. ரெண்டு எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

கியர் தப்பா விழுந்த கதை எனக்கும் உண்டு. வண்டி வாங்கின மூணாவது மாசம். மூணாவதுல 8500 போட்டு நாலாவதுக்கு இழுத்தேன், கை இடது பக்கம் சாஞ்சு ரெண்டாவதுல விழுந்துருச்சு. பின் சக்கரம் ஒரு கத்து கத்துச்சு. உடனே கிளட்சை மிதிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து கியர் விகிதத்தை வச்சுக் கணக்குப் போட்டேன்: ரெண்டாவது 2.045, மூணாவது 1.481. எஞ்சின் 11,700 வரைக்கும் போயிருக்கணும்! ரெவ் லிமிட்டர் இதைத் தடுக்காதுங்க, அது பெட்ரோலைத்தான் வெட்டும், சக்கரம் எஞ்சினைச் சுத்தறதை அது என்ன பண்ணும்?

வண்டி அப்புறமும் நல்லாத்தான் ஓடுச்சு, அவர் சொல்ற அதே மாதிரி. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்) நாலு சிலிண்டர்லயும் சரியா இருந்துது. மனசு கேக்காம வால்வு கவரைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன். பதினாறு வால்வுல பதினஞ்சுல, ஸ்பிரிங் தலைல இருக்கற தட்டு, ரீடெய்னரும், நடுவுல வால்வுத் தண்டைக் கவ்வற கீப்பரும் சமமா இருந்துது. ரெண்டாவது சிலிண்டர் இன்டேக்ல (காத்து உள்ள போற வால்வு) ஒண்ணுல மட்டும் கீப்பர் ஒரு மயிரிழை உள்ள இறங்கியிருந்துது. நகத்தை வச்சுத் தடவினாத்தான் தெரியும். கழட்டினா ரீடெய்னர்ல முடி மாதிரி விரிசல். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வால்வு பிஸ்டன் மேல விழுந்திருக்கும். பதினாறுக்கும் பிந்தின மாடலோட ரீடெய்னரும் கீப்பரும் வாங்கி மாத்தினேன். அது இன்னும் கெட்டி, பழசுலயும் உக்காரும். பழைய எஞ்சின் வச்சிருக்கறவங்க நிறையப் பேர் பண்ற வேலைதான்.

அந்தச் சிவப்பு வண்டியை விட்ருங்க. வால்வு கவரைக் கழட்டிக் காட்டறேன்னு அவரே சொன்னா மட்டும் பேசலாம். விலை குறைச்சா விரிசல் ஒட்டிக்குமா?

டர்ன்பைக்_தம்பி:

சரிங்கண்ணா, விட்டுட்டேன். 2005-ஐ சனிக்கிழமை காலைல பாக்கப் போறேன். என்ன பாக்கணும்?

பீளமேட்டு_லேத்:

சேசிஸ் நம்பர் ஜேஎச்எம்ஏபி2-ன்னு ஆரம்பிக்கணும். 2-க்குப் பதிலா 1-ன்னு இருந்தா அது பழைய வண்டி, புதுசு மாதிரி காட்ட பம்பரை மாத்தியிருக்காங்க.

அப்புறம் வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கற கைக்கும் நடுவுல இருக்கற சந்து) எப்ப பாத்தீங்கன்னு விக்கறவர்கிட்ட கேளுங்க. இதுல அந்தச் சந்தைத் தானா சரி பண்ணிக்கற டேப்பெட் கிடையாது, ஃபீலர் கேஜ்னு மெல்லிசான அளவுத் தகடு வச்சுத்தான் பாக்கணும், அதுவும் எஞ்சின் ஆறினதுக்கப்புறம். இன்டேக் 0.21-ல இருந்து 0.25 மில்லி, எக்ஸாஸ்ட் (புகை வெளிய போற வால்வு) 0.25-ல இருந்து 0.29. முழிச்சார்னா இதுவரைக்கும் யாரும் பாக்கலைன்னு அர்த்தம். அதுக்காக வண்டியை விட வேண்டாம், ஒரு ஞாயித்துக்கிழமை வேலைதான்.

முக்கியமா, வண்டி ஜில்லுனு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணணும். முன்பக்கத்துல டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் தேஞ்சிருந்தா தகர டப்பால கோலிக்குண்டு உருட்டின மாதிரி சத்தம் வரும், சூடானா அடங்கிரும். சில பேர் நாம வர்றதுக்கு முன்னாடியே ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்திருவாங்க. போன உடனே பேச்சுக் குடுத்துக்கிட்டே பானட் மேல கையை வைங்க. சூடா இருந்துச்சுன்னா, வீட்டம்மாவைக் கூட்டிட்டு சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பிருங்க.