எடை குறைந்த பிறகும் கலோரிக் கணக்கு தொடர வேண்டுமா?

ஓசூர் இரவுப்பணி:

எடை குறையும் வரை கலோரி பார்த்தால் போதும், குறைந்த பிறகு பழையபடி சாப்பிடலாம் என்று முந்தைய இழையில் பலர் எழுதியிருந்தீர்கள். அந்தக் கருத்தை மறுத்து எழுதுகிறேன். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் நான் 86 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு வந்திருக்கிறேன். உணவை நிறுக்கும் தராசையும் கலோரி கணக்கிடும் செயலியையும் இன்றும் கைவிடவில்லை. கைவிடும் எண்ணமும் இல்லை.

உடல் இளைத்தால் அதன் செலவும் குறைகிறது என்பதே முதல் காரணம். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் 15 நாட்களில் ஒரு கிலோ குறையும் என்பது, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற பழைய கணக்கிலிருந்து வருவது. அது தொடக்கத்தில் ஓரளவு ஒத்துவரும். போகப் போக ஒத்துவராது. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் அப்போது பணியாற்றிய கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைய, உண்ணும் தூண்டுதலோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. 14 கிலோ குறைத்தவரைப் பசி எவ்வளவு பலமாகப் பின்னுக்கு இழுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இழுப்பை வயிற்றை நம்பிச் சமாளிக்க முடியாது, எழுதிவைத்த எண்ணை நம்பித்தான் சமாளிக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

அரூர் அகல்விளக்கு:

தம்பி, நீங்கள் சொன்ன ஆய்வை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

ஐந்து பேருக்கு ஒரே அடுப்பில் சமைக்கிறவள் நான். கொள்ளுச் சாறு கொதித்து இறங்குகிற பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி உங்கள் தட்டுக்கு வரும்போது, அதில் கொள்ளு எத்தனை கிராம், கடலை எண்ணெய் எத்தனை கிராம் என்று எந்தச் செயலி சொல்லும்? தாளிக்கிற நேரத்தில் எண்ணெய்க் கேனைச் சாய்க்கும் கை கொஞ்சம் தாமதித்தால், கடுகு வெடிப்பதற்குள் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக விழுந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது 120 கலோரிக்கும் மேல். பொரியலுக்கு ஒரு தாளிப்பு, சாற்றுக்கு ஒரு தாளிப்பு, இரவுத் தோசைக்குக் கல்லைச் சுற்றி விடுவது வேறு. இத்தனையையும் விட்டுவிட்டு இட்லியை மட்டும் கிராமில் நிறுத்துப் பார்ப்பதில் என்ன துல்லியம் இருக்கிறது?

நியூயார்க்கில் நடந்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வைப் பலரும் அறிந்திருப்பீர்கள். குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். எழுதும் கணக்கின் இயல்பே அப்படி.

அதே கெவின் ஹால் 2019-இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார். 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பெரிதும் பதப்படுத்தாத உணவும் கொடுத்து, விருப்பம் போல் சாப்பிடச் சொன்னார்கள். முன்னதில் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதே எவ்வளவு உள்ளே போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. நீண்ட காலத்துக்கு வீடு நம்ப வேண்டியது அதைத்தான்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

அம்மா சொல்வதுதான் சரி. எங்கள் பாட்டன் காலத்தில் யார் கலோரி பார்த்தார்கள்? காலையில் கூழ், மதியம் களி, அதற்குக் கீரைக் கடைசல் என்று சாப்பிட்டார்கள். யாருக்கும் தொப்பை இருந்ததில்லை. தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளிலேயே 2023 முதல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். அரிசியை விட்டுக் களிக்குத் திரும்பினால் எடை தானே இறங்கும்.

ஓசூர் இரவுப்பணி:

ஐயா, நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் களி தின்று வளர்ந்தவன். களியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைகளைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் 320 கலோரி, தீட்டிய பச்சரிசியில் 356 கலோரி. வேறுபாடு பத்தில் ஒரு பங்கு. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச் சத்திலும் ராகி எங்கோ மேலே இருக்கிறது. பசி அடங்குவதற்கு அது உதவும் என்பதை ஏற்கிறேன். ஆனால் களியில் நொய்யரிசியும் சேர்கிறது. உருண்டையோ, பிடிக்கிறவர் கை அளவு. நெய்யைக் குழி பறித்து ஊற்றி இரண்டு உருண்டை சாப்பிடுகிறவருக்குக் களி என்பதற்காக உடல் எந்தச் சலுகையும் தராது.

பாட்டன் காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு 2,110 கலோரியும், கடும் உழைப்பு செய்யும் ஆணுக்கு 3,470 கலோரியும் குறித்திருக்கிறார்கள். இடையில் 1,360 கலோரி. உங்கள் பாட்டனார் ஏர் பிடித்து, கிணற்றில் கவலை இறைத்து, மாம்பழக் கூடை சுமந்தார். நாம் அவருடைய தட்டை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

அக்கா, 1992 ஆய்வு என் பக்கம்தான் பேசுகிறது. அவர்கள் மனக்கணக்கில் எழுதியதால் தவறினார்கள். அதனால்தான் தராசு வேண்டும் என்கிறேன். பொதுச் சட்டியில் ஊற்றும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றி ஐந்தால் வகுத்தால், பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கும்.

அரூர் அகல்விளக்கு:

அளந்து ஊற்றுவது யார், தம்பி? எழுதி வைப்பது யார்? உங்கள் வீட்டில் நீங்களே சமைத்தால் மகிழ்ச்சி. பெரும்பாலான வீடுகளில் ஒருவர் உடல் இளைக்க வேண்டும் என்பதற்காக, மூன்று வேளையும் நிறுத்து அளந்து கொடுக்கும் வேலை சமைக்கிற பெண்ணின் தலையில் ஏறுகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து பள்ளிக்கும் வேலைக்கும் டப்பா கட்டுகிறவளிடம் இன்னொரு கணக்கையும் கொடுக்கிறீர்கள். ஒரு மாதம் செய்வாள். ஆண்டுக்கணக்கில் செய்ய மாட்டாள், செய்ய வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. நீண்ட காலம் நிற்காத முறையை நீண்ட கால முறை என்று எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டில்தான் கட்டுப்பாடு. 2024-இல் வந்த தேசிய உணவு வழிகாட்டியில் நாளுக்கு 2,000 கலோரித் தட்டுக்கு எண்ணெய், கொழுப்பு 27 கிராம் என்று இருக்கிறது. ஐந்து பேருக்கு மாதம் ஏறத்தாழ 4 கிலோ, அதாவது நாலரை லிட்டர். சின்னப் பிள்ளை இருப்பதால் நான் 4 லிட்டர்தான் வாங்குகிறேன். கேன் தீர்ந்தால் அடுத்த மாதம்தான். சர்க்கரையும் அப்படியே. மிக்சரும் முறுக்கும் சீட்டில் ஏறுவதே இல்லை; 100 கிராம் மிக்சர் 500 கலோரியைத் தாண்டும், அதை வாங்கி வைத்துவிட்டு அளவாகத் தின்னச் சொல்வது யாராலும் முடியாத காரியம். தட்டில் முதலில் காய், பிறகு கடைந்த பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு அல்லது களி. இதற்குச் செயலி வேண்டாம்.

பர்கூர் செவிலியர்:

விவாதம் நன்றாகப் போகிறது; இடையில் ஓர் எச்சரிக்கை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில், வீடு தேடி மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. இன்று பல வீடுகளில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தளவை மாற்றாமல் உணவை மட்டும் சட்டென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். குறைக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த இழையில் உள்ள எந்தக் குறைப்பையும் பின்பற்றக் கூடாது. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகவே தேவை.

இடுப்புச் சுற்றையும் அளந்து வையுங்கள். நம் நாட்டவருக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. எல்லை.

ஓசூர் இரவுப்பணி:

செவிலியர் அம்மாவுக்கு நன்றி.

அக்கா, யார் அளப்பது என்ற கேள்விக்கு என் விடை, இளைக்க விரும்புகிறவரே அளக்க வேண்டும் என்பதுதான். அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் உங்கள் மளிகைச் சீட்டு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறதே. இரவு இரண்டு மணிக்குக் கேண்டீனில் பரோட்டாவும் சால்னாவும்தான் இருக்கும். பேருந்து நிலையக் கடையில் சர்க்கரை தூக்கலான டீ. மாம்பழக் காலத்தில் தோப்புக்காரர் வீட்டில் கூடைக் கணக்கில் தருவார்கள். மாம்பழம் 100 கிராமுக்கு 60 கலோரி அளவுதான், அது குற்றமில்லை; அதையே கூழாக்கிச் சர்க்கரை சேர்த்து அடைத்து விற்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. வெளியே தின்பவனுக்கு எண் தெரியாவிட்டால் எதை விடுவது என்று தெரியாது. எனக்குப் பரோட்டா ஒன்றோடு நிறுத்தும் பழக்கம் வந்தது, எண்ணைப் பார்த்த பிறகுதான்.

அரூர் அகல்விளக்கு:

வெளியே தின்பவருக்குக் கொஞ்ச காலம் எண் உதவும், ஒத்துக்கொள்கிறேன். வாழ்நாள் முழுவதும் என்றதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. 1994 முதல் எடையைக் குறைத்துக் காத்தவர்களின் பதிவேடு ஒன்றை அமெரிக்காவில் பேணுகிறார்கள். அதில் உள்ளவர்களில் முக்கால் பங்கினர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். ஆகவே கண்காணிப்பு வேண்டும்தான். அது தட்டின் மேல் இருக்க வேண்டியதில்லை, எடை மேடையின் மேல் இருந்தால் போதும். ஞாயிறு காலை எடை பாருங்கள். இரண்டு கிலோ ஏறினால் மறுபடியும் தராசை எடுங்கள். இறங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள்.

ஓசூர் இரவுப்பணி:

இரண்டு கிலோ ஏறும் வரை காத்திருப்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. ஷிப்டு மாறும் வாரங்களில் என் தூக்கமும் பசியும் தடம் மாறுகின்றன. ஒரு கிலோவிலேயே தராசை எடுப்பேன்.