கலைச்சொல் விவாதம்: ‘ரோலிங் ஷட்டர்’ - மூடியா, வாசிப்பா?

மடல் 1 / கையேட்டை மொழிபெயர்ப்பவர்

அன்புள்ள குழுவினருக்கு,

கையில் அதிகப் பணமில்லாமல் முதல் படம் எடுக்க வருகிறவர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒலி, விளக்கு, மெமரி கார்டு எல்லாம் கடந்து வந்துவிட்டேன். ‘ரோலிங் ஷட்டர்’ வந்த இடத்தில் நான்கு நாளாக நிற்கிறேன். முதலில் ‘உருள் மூடி’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவர், “கடையை இழுத்து மூடும் இரும்புக் கதவா?” என்று கேட்டார். அவர் மேல் தவறில்லை, அதற்கும் அதே பெயர்தானே.

பொருள் இதுதான். நம் கைக்கு எட்டும் விலையில் உள்ள கேமராக்களில் பெரும்பாலானவை ஒரு ஃபிரேமை ஒரே நொடிப்பில் எடுப்பதில்லை. ஒளியைப் பதியும் சில்லான சென்சாரின் மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாக எடுக்கின்றன. அதற்குள் கேமரா திரும்பினால் நேரான தூண் சாய்கிறது. விசிறியின் இறக்கை வளைகிறது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் காட்சி முழுதும் ஜெல்லி போல் ஆடுகிறது.

செயலுக்கு ஒரு சொல், விளைவுக்கு ஒரு சொல் வேண்டும்.

மடல் 2 / ஒளிப்பதிவாளர்

ரோலிங் ஷட்டர் என்றே போடுங்கள். கேமராவை வாடகைக்குக் கேட்கும்போதும், இணையத்தில் சோதனைக் காட்சியைத் தேடும்போதும் அந்தப் பெயர்தான் உதவும். கையேட்டைப் படித்துவிட்டு வருகிற பையன் படப்பிடிப்புத் தளத்தில் யார் பேசுவதும் புரியாமல் நிற்கக்கூடாது. பெயரைவிட அவனுக்குத் தேவையானது வேறு: பேனை (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதை) மெதுவாகச் செய், தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸில் சட்டென்று திருப்பாதே, ஓடும் காட்சிக்கு வைடு (அகலக் கோண) லென்ஸ் போடு.

மடல் 3 / இயற்பியல் ஆசிரியர்

தளத்தில் என்ன சொன்னாலும் சரி, வகுப்பில் இந்தப் பெயரே தடையாக இருக்கிறது. ‘ஷட்டர்’ என்று கேட்டதும் மாணவர்கள் ஷட்டர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். நொடியில் 24 ஃபிரேம், ஷட்டர் கோணம் 180 டிகிரி (ஃபிரேம் நேரத்தில் பாதி) என்றால் ஒளி விழும் நேரம் 1/48 நொடி. அதை 1/500 ஆக்கினாலும் தூண் சாய்ந்தேதான் நிற்கும். அசைவின் மங்கல் குறைவதால் சாய்வு முன்னைவிடத் துல்லியமாகத் தெரியும்.

சாய்வைத் தீர்மானிப்பது, முதல் வரிசையை எடுத்ததற்கும் கடைசி வரிசையை எடுத்ததற்கும் உள்ள இடைவெளி. அது 20 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். ஃபிரேமின் முழு அகலத்தையும் ஒரு நொடியில் கடக்கும் பேன் என்றால், 1920 பிக்சல் அகலத்தில் தூணின் தலைக்கும் அடிக்கும் 38 பிக்சல் விலகல் வரும். இந்தக் கணக்கில் ஷட்டர் வேகம் எங்குமே வரவில்லை. ஆகவே மூடி, கதவு, திரை எதுவும் வேண்டாம். சென்சார் வாசிக்கப்படும் முறைதான் பொருள். மூலப்பெயரில் உள்ள குழப்பத்தை நாம் ஏன் தமிழுக்கும் சுமந்து வரவேண்டும்? ‘நிரல் வாசிப்பு’ என்று முன்மொழிகிறேன்.

மடல் 4 / ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மையார் சொல்லும் காரணம் செம்மையானது, சொல்லில் மட்டும் திருத்தம். அணிக்கணிதத்தில் கிடைவரிசை நிரை, நெடுவரிசை நிரல். இங்கே எடுக்கப்படுவது கிடைவரிசை. கணினித்துறையில் நிரல் வேறொன்றுக்கும் போய்விட்டது. ஆகவே ‘நிரை’.

ஆனால் இதற்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு மரபு இருக்கிறது. நன்னூல் சூத்திர நிலை (சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் முறை) நான்கு சொல்கிறது: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு. மேலிருந்து கீழாக இடையறாது வரிசை வரிசையாக ஓடுவது ஆற்றொழுக்கு. முழு ஃபிரேமையும் ஒரே கணத்தில் கவ்வும் ‘குளோபல் ஷட்டர்’ பருந்தின் வீழ்வு. தொடக்ககால டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பல, வீடியோ எடுக்கும்போது வரிசைகளை விட்டுவிட்டுப் படித்தனவாமே, கோடுபோட்ட சட்டையில் மோரே (அலையலையான பொய்க்கோலம்) வந்ததும் அதனால்தானாமே. அது தவளைப்பாய்த்து அல்லாமல் வேறென்ன? சிங்கம் போல் முன்னும் பின்னும் பார்க்கும் அரிமாநோக்கத்துக்கும் ஒரு கேமரா வராமலா போகும்!

விளைவுக்குக் ‘கோட்டம்’. கோடுதல் என்றால் வளைதல், நேர்மை பிறழ்தல். 119ஆம் குறளில் சொற்கோட்டமும் உட்கோட்டமும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த வரிசையில் ‘வரிக்கோட்டம்’ என்று ஆள்வதில் தடையில்லை.

மடல் 5 / ஒளிப்பதிவாளர்

ஐயா, தவளைப்பாய்த்து எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. இத்தனை வருடம் மோரேயோடு போராடியிருக்கிறேன், இவ்வளவு பொருத்தமான பெயரைக் கேட்டதில்லை. ஆனால் பருந்தின் வீழ்வு கேமராவை எங்கே வாடகைக்குக் கேட்பது? கோட்டம் என்றால் இன்றைக்கு ஆட்கள் அலுவலகப் பிரிவைத்தான் நினைப்பார்கள்.

மடல் 6 / படத்தொகுப்பாளர்

‘வரி’ வேண்டவே வேண்டாம். தளத்தில் வரி என்றால் இரண்டு பொருள் ஏற்கனவே உண்டு. ஒளி மிகுந்த இடத்தைக் காட்டும் ஸீப்ரா கோடுகள் ஒன்று. விளக்கு துடிப்பதால் ஃபிரேமில் விழும் பட்டைகள் இன்னொன்று. இரண்டாவது, இதே வரிசை வாசிப்பால் வருவது என்பதால் குழப்பம் கூடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 24 ஃபிரேமில் ஷட்டரை 172.8 டிகிரிக்கு வைத்தால் 1/50 நொடி. ஒவ்வொரு வரிசைக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைத்துவிடும், பட்டை விழாது. இங்கே ஷட்டர் உதவுகிறது, தூண் சாய்வதற்கு உதவாது. ‘வரிக்கோட்டம்’ என்று எழுதினால் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

எடிட்டிங் மேசைக்கு இரண்டும் சேர்ந்து வந்த காட்சியை நேராக்கப் பார்த்திருக்கிறேன். மென்பொருளில் சாய்வை ஓரளவு நிமிர்த்தலாம், ஓரங்களை வெட்டியாக வேண்டும். பட்டை அப்படியே இருக்கும். மறுபடி எடுக்கப் பணமில்லாத படம் அது.

மடல் 7 / இயற்பியல் ஆசிரியர்

நிரையை ஏற்கிறேன். ‘நிரைவாரி வாசிப்பு’ என்றால் இன்னும் விளங்குமே?

மடல் 8 / தனித்தமிழ் அன்பர்

‘மாவட்டவாரி’யில் வரும் வாரி உருது வழி வந்தது. நிரைமுறை என்க. வாசிப்பும் வடசொல் வேரினது. ‘நிரைமுறைப் படிப்பு’ எனலாம்.

மடல் 9 / கையேட்டை மொழிபெயர்ப்பவர்

‘நிரைமுறைப் படிப்பு’ ஏதோ அஞ்சல்வழிக் கல்வி போல் ஒலிக்கிறது, மன்னியுங்கள். நேற்று பயிற்சி வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். உருள் மூடி என்றபோது யாரும் எதுவும் கேட்கவில்லை, தலையாட்டினார்கள். ‘நிரை வாசிப்பு’ என்றதும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண், “அப்படியென்றால் எந்த கேமரா வேகமாக வாசிக்கும்?” என்று கேட்டார். வாடகைக்கு எடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். பெயர் சொன்ன ஒரு நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்தது.

ஆகவே ‘நிரை வாசிப்பு’, குளோபலுக்கு ‘முழு வாசிப்பு’. ஒவ்வொரு இயலிலும் முதல் முறை ரோலிங் ஷட்டர் என்றும் சேர்த்து எழுதுகிறேன், ஒளிப்பதிவாளர் கவலைப்பட வேண்டாம். விளைவுக்குச் ‘சாய்வு’. ஐந்து பேர் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். நாளை காலை கோப்பு போகிறது.

மடல் 10 / ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நிரை வாசிப்புக்கு உடன்படுகிறேன், ஆற்றொழுக்கை விட மனமில்லை என்றாலும். சாய்வுக்கு உடன்பாடில்லை. முதல் மடலிலேயே மூன்று விளைவு சொன்னீர்கள்: தூண் சாய்கிறது, இறக்கை வளைகிறது, காட்சி ஆடுகிறது. சாய்வு முதலாவதை மட்டுமே சொல்லும். விசிறிப் படத்துக்குக் கீழே என்ன எழுதப் போகிறீர்கள்?

மடல் 11 / கையேட்டை மொழிபெயர்ப்பவர்

ஐயா, அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை.