ரோமர் 2-ஆம் அதிகாரத்தை விளக்க உதவி வேண்டும்

குழுவிலுள்ள சகோதர சகோதரிகளுக்கு என் அன்பின் ஸ்தோத்திரங்கள். எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில், லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில் வரும் பரிசேயனையும் (மதச் சட்டங்களைக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட யூதப் பிரிவினன்) ஆயக்காரனையும் (வரி வசூலிப்பவன்) குறித்து அடுத்த வாரம் நான் பேச வேண்டியிருக்கிறது. மோசேயின் மூலம் கொடுக்கப்பட்ட சட்டமாகிய நியாயப்பிரமாணம் ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவிர்த்தி நாளில் மட்டுமே உபவாசத்தைக் கட்டளையிட்டிருக்க, வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்த அந்தப் பரிசேயன், அதையே பிறரை அற்பமாய் எண்ணுவதற்கான அளவுகோலாக்கிக்கொண்டு, நீதிமானாக்கப்படாமல் (அதாவது, தேவனால் நீதிமானாக ஏற்றுக்கொள்ளப்படாமல்) வீடு திரும்பினான் என்பது வரை எனக்குத் தெளிவாக இருக்கிறது. (அவனைக் கண்டிக்கும்போது, 'நல்லவேளை, நான் அவனைப்போல் இல்லை' என்று நாமும் எண்ணிவிடுகிறோம் என்பது வேறு விஷயம்.)

என் சிக்கல் ரோமர் நிருபத்தை எழுதிய பவுலிடத்தில்தான் தொடங்குகிறது. மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கிறவன் தன்னையே குற்றவாளியாகத் தீர்க்கிறான் என்று ரோமர் 2:1-இல் எச்சரிக்கும் அவர், தேவன் அவனவனுடைய கிரியைகளுக்குத் தக்கதாகப் பலனளிப்பார் என்று 2:6-இலும், நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று 3:28-இலும் எழுதுகிறார். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? 2:6-ஐ எவராலும் எட்ட முடியாத அளவுகோலாகக் கொள்வதா, விசுவாசத்தின் கனியைக் குறிப்பதாகக் கொள்வதா? இரண்டாவதே பொருந்துவதாக எனக்குத் தோன்றினாலும், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே எவனும் நீதிமானாக்கப்படுவதில்லை என்னும் 3:20-ஐ வாசிக்கும்போது தயங்குகிறேன். இப்பகுதியைக் கற்பித்த அனுபவமுள்ளவர்கள் தங்கள் விளக்கத்தை வசன ஆதாரங்களோடு எழுதினால் மிகவும் நன்றியுள்ளவனாயிருப்பேன்.