கன்னித்தீவு படித்து எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் இருக்கிறீர்களா?

பெங்களூர் அப்பா:
என் மகளுக்கு ஏழு வயது. இங்கே ஆங்கிலவழிப் பள்ளி, இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துகளும் தெரியும், ஆனால் ஒரு வரியைச் சேர்த்துப் படி என்றால் இரண்டாவது சொல்லிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறாள். ஊரில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "உனக்கு யார் பாடம் எடுத்தா? கன்னித்தீவுதானே" என்றார். உண்மைதான். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்கியதில்லை, தெருமுனை சலூனுக்குத் தினத்தந்தி வரும், கன்னித்தீவு அதில் தினமும் வருகிற படக்கதை, முடிவெட்ட வேண்டாத நாளிலும் அப்பா என்னைக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்து சிந்துபாத் படத்தோடு இருக்கும் எழுத்தை விரல் வைத்துப் படிக்கச் சொல்வார். அப்படி அதில் என்னதான் இருந்தது? இன்றைய பிள்ளைக்கும் அது பலிக்குமா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
தொடக்கப்பள்ளியில் முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். பலிக்கும் தம்பி. பாடப்புத்தகத்தில் இன்றைக்கு வந்த புதுச் சொல் அடுத்த பாடத்தில் இருக்காது. கன்னித்தீவில் சிந்துபாத், மந்திரவாதி, தீவு, கப்பல் எல்லாம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். 'சிந்துபாத்' என்ற ஒரு பெயரைக் கூட்டத் தெரிந்துவிட்டால் சி, து, பா என்று மூன்று உயிர்மெய்யும் ந், த் என்று இரண்டு மெய்யும் பிள்ளைக்குக் கைவந்துவிடும். கத்தியோடு ஒருவன் பாய்கிற படத்தைப் பார்த்த பிள்ளை 'பாய்ந்தான்' என்பதைப் பாதி ஊகித்துப் பாதி படிக்கும். அது ஏமாற்று வேலை இல்லை, படிப்பு அப்படித்தான் வரும்.

எளிய தமிழும் ஒரு காரணம். சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய பத்திரிகை தினத்தந்தி, மக்கள் பேசுகிற தமிழுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1960இல் கன்னித்தீவு வந்தபோது இந்த மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள்.

தென்காசிப் பக்கம்:
டீச்சர் சொன்னதைப் படித்ததும் என் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். பீடி சுற்றுகிற இடத்தில் மத்தியானம் பேப்பர் வரும், படிக்கத் தெரிந்த ஒரு அக்கா வாசிக்க, மற்றவர்கள் இலையை வெட்டிக்கொண்டே கேட்பார்கள். அந்த அக்கா வராத நாளில் சிந்துபாத்துக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல் போனது பொறுக்காமல்தான் பெரியம்மா எழுத்துக் கூட்டத் தொடங்கினாராம். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து லை, னை, றா எல்லாம் மாறிய பிறகும், கடைசிவரை மளிகைச் சீட்டில் 'வெல்லம் விலை' என்று எழுதினால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய லைதான் போடுவார். அது அவர் கதையில் வரும் லைலாவின் பெயரில் கற்ற லை. அந்தச் சீட்டுகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

கட்டம் போடுபவன்:
நான் விளம்பரப் படங்களுக்குக் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பவன். ஆரம்பத்தில் ஓவியர் கணு வரைந்த அந்தக் கட்டங்களை நான் தொழில் பாடமாகவே பார்க்கிறேன். நேற்று என்ன நடந்தது என்பது நேற்றைய பேப்பர் பார்க்காதவனுக்கும் புரிய வேண்டும், இன்றைக்குக் கதை ஒரு அடி நகர வேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளைக்கு ஒரு பயம் மிச்சமிருக்க வேண்டும், இத்தனையும் மூன்று நான்கு கட்டங்களுக்குள். 60 வருடத்துக்கு மேல் தினமும் என்று கணக்குப் போட்டால் 20,000 நாளைத் தாண்டுகிறது. தினத்தந்தி குழுமம் 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் வந்த ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எடுத்துப் பாருங்கள், அவையும் லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் தினசரி வந்தவைதான். முழுப் புத்தகமாகப் படித்தாலும் மூன்று கட்டத்துக்கு ஒருமுறை ஒரு திடுக்கிடல் இருக்கும், அது பேப்பரில் ஒரு நாள் முடிந்த இடம்.

கோவைக்காரி:
நானும் படித்து வளர்ந்தவள்தான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூசா என்ற மந்திரவாதி லைலாவைச் சின்னஞ்சிறு உருவமாக்கிவிட, அவளைப் பழையபடி ஆக்க சிந்துபாத் ஊர் ஊராக அலைகிறான். அவன்தான் எல்லாம் செய்கிறான், அவள் காத்திருக்கிறாள். என் மகளிடம் கொடுத்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், கேட்கட்டும், நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், இந்தக் கதை நகர்கிற வேகம். நிலத் தகராறு வழக்கு இழுத்தால்கூட 'கன்னித்தீவு மாதிரி போகுது' என்று சொல்கிற ஊர் இது. மொத்தமாகக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

பெங்களூர் அப்பா:
அப்பா ஒரு வாரத்துக் கன்னித்தீவைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பினார். தினம் ஒன்று கொடுக்கிறேன். முதல் நாள் படம் மட்டும்தான் பார்த்தாள், மூன்றாம் நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் தானே முதல் கட்டத்தைக் கூட்டி வைத்திருந்தாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர், ஒரு சந்தேகம். கன்னடத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறதே, 'சிந்துபாத்'தில் வருகிற ப-வும் 'படகு'வில் வருகிற ப-வும் ஏன் ஒரே எழுத்து என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற டீச்சர்:
விதியாகச் சொல்லாதீர்கள் தம்பி. 'பாம்பு' என்று எழுதிக் காட்டி மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், ஒரே சொல்லில் இரண்டு ஒலியும் இருக்கிறது, அவள் வாயே கண்டுபிடித்துவிடும். கன்னித்தீவில் பாம்புக்குப் பஞ்சமா என்ன!