டெம்போ–குளோரைட்டு வினை பாதியில் நின்ற அனுபவங்கள்

குடுவை7:
ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றிக் கார்பாக்சிலிக் அமிலமாக்கப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்த அளவுதான்: 7 மோல் சதவீதம் டெம்போ (வினையூக்கி), 2 சமானம் சோடியம் குளோரைட்டு, 2 மோல் சதவீதம் பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட்டு), அசிட்டோநைட்ரைல், பிஎச் 6.7 பாஸ்பேட் தாங்கல், 35 டிகிரி. செம்பழுப்பாக நன்றாகப் போய்க்கொண்டிருந்த கலவை, 2-மெத்தில்-2-பியூட்டீன் என்ற ஆல்கீனை ஊற்றியதும் வெளிறியது. அதன்பின் டிஎல்சியில் (வினை எவ்வளவு நடந்தது என்று பார்க்கும் மெல்லடுக்குத் தட்டில்) ஆல்கஹால் புள்ளி குறையவே இல்லை. இன்னும் உறுத்துகிறது. குளோரினேற்றத்தைத் தடுக்கச் சேர்ப்பது அதுதானே?

வடிதாள்:
பின்னிக் முறையில் (ஆல்டிஹைடைக் குளோரைட்டால் அமிலமாக்குவது) அதுதான், இங்கே அது விஷம். குளோரைட்டு ஆல்டிஹைடை அமிலமாக்கும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் வெளிவருகிறது. டெம்போவை மறுபடி ஆக்சோஅமோனியமாக (ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றும் வடிவமாக) மாற்றுவதே அதுதான், 2 சதவீதம் பிளீச் போதுமானதும் அதனால்தான். ஆல்கீன் அதைத் தின்றுவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். ஆல்டிஹைடிலிருந்து மட்டும் தொடங்கும் பின்னிக் முறையில் டெம்போ கிடையாது. அங்கே அதே அமிலம் குளோரைட்டோடு சேர்ந்து குளோரின் டைஆக்சைடு ஆகிறது, கரைசல் மஞ்சளாகிறது, குளோரைட்டும் வீணாகிறது. ஆகவே அங்கே ஆல்கீன் தாராளமாக வேண்டும்.

பென்சைல்:
முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். மெத்தாக்சி உள்ள வளையம் என்றால் அந்த ஹைப்போகுளோரஸ் அமிலமே வளையத்தில் குளோரினை ஏற்றிவிடும். தாங்கலை பிஎச் 8க்கு உயர்த்தினால் குறையும். அப்போதும் நிற்கவில்லையென்றால் ஆல்டிஹைடைத் தனியே பிரித்து, பின்னிக் முறைக்குப் போவதே மேல்.

கரிப்பொடி:
குளோரினே வேண்டாமே! நீரில் கரையும் ஆல்கஹாலுக்குக் கரிமேல் பிளாட்டினமும் (கரிப்பொடியில் படிந்த பிளாட்டின வினையூக்கி) ஆக்சிஜனும் போதும். இதிலும் ஒரு தொகுதி பாதியில் நின்றது. ஆக்சிஜனை முதலிலேயே முழுவீச்சில் திறந்ததில் உலோகப் பரப்பே ஆக்சிஜனேறிச் செத்துப்போயிருந்தது. வாயுவை நிறுத்தி, நைட்ரஜன் ஓட்டி, ஆல்கஹாலோடேயே கலக்கியபின் உயிர் வந்தது. அதனால் நைட்ரஜனில் சூடாக்கிவிட்டு, பிறகு ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். காரத்தைச் சொட்டவிட்டு பிஎச் 8–9இல் வையுங்கள். இறங்கினால் அமிலம் பரப்பில் ஒட்டி வினையை மந்தமாக்கும். நீர் கட்டாயம் வேண்டும். ஆல்டிஹைடு நீரேறி இரட்டை ஹைட்ராக்சில் வடிவம் எடுத்தபின்தான் அமிலமாகிறது. நீர் குறைந்தால் அதே ஆல்டிஹைடு மீதி ஆல்கஹாலோடு சேர்ந்து ஹெமிஅசிட்டால் (இரண்டும் இணைந்த இடைநிலைச் சேர்மம்) வழியே எஸ்டராகிவிடும். பிஸ்மத் சிறிது சேர்த்த வினையூக்கி இன்னும் தாக்குப்பிடிக்கும். வடிகட்டும்போது ஊக்கியை உலரவே விடாதீர்கள். ஆல்கஹால் ஆவியும் காற்றும் பட்டால் தாளிலேயே தீப்பற்றும். நீர் ஊற்றி ஈரமாகவே தனி டப்பாவில் போட்டுவிடுங்கள்.

வடிதாள்:
@கரிப்பொடி கேட்டது டெம்போ. நீண்ட கொழுப்பு ஆல்கஹால் நீரில் கரையாது, அங்கே உங்கள் வழி எளிதாக நகராது.
@குடுவை7 ஆல்கீன் இல்லாமல் திரும்பப் போடுங்கள். குளோரைட்டையும் பிளீச்சையும் ஒரே புனலில் கலக்கவே கூடாது, அந்தக் கலவை நிலையற்றது. இரண்டு சொட்டுப் புனல், இரண்டு மணி நேரம், இணையாக. முடிந்ததும் நீர் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 8க்குக் கொண்டுவந்து, பிறகே குளிர்ந்த சோடியம் சல்பைட்டுக் கரைசலில் 20 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஊற்றுங்கள். அமிலமாக இருக்கும்போதே சல்பைட்டில் ஊற்றினால் சல்பர் டைஆக்சைடு கிளம்பும். அந்தக் கார நிலையிலேயே ஈதரால் ஒருமுறை கழுவினால் டெம்போவும் மீதி ஆல்கஹாலும் போய்விடும். அதன்பின் பிஎச் 3க்கு இறக்கி அமிலத்தைப் பிரித்தெடுங்கள்.